இந்த சீசனில் வேறொரு நாடகம் கேளுங்கள்

மாசி பிறக்கப் போகிறது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி, மணப்பாறைப் பக்கம் நாடக நடிகர்களின் டைரிகள் இப்போது நிரம்பிக்கொண்டிருக்கும். பங்குனியில் எந்த ஊர், சித்திரையில் எந்த ஊர், கதாநாயகனாக வரும் ராஜபார்ட் யார், அவருக்கு ஜோடியாக, கதாநாயகியாக எந்த ஸ்திரீபார்ட், ஆர்மோனியம் யார் என்று அமைப்பாளர்கள் போன் மேல் போன் போட்டு நாள் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆடி வரை ஓடும் இந்த சீசன்தான் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கு வருஷம் முழுவதற்குமான சோறு. ஆவணிக்குப் பிறகு மேடை குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிட்டத்தட்ட நின்றே போகும்.

இப்போதே இதை எழுதக் காரணம் இருக்கிறது. ஊர்களில் திருவிழாக் கமிட்டி கூடி, தலைக்கட்டு வரி எவ்வளவு, முதல் நாள் என்ன, கடைசி நாள் என்ன என்று பேசி முடிக்கிற நேரம் இது. அந்தக் கூட்டத்தில் உட்காரப் போகிற யாராவது இதைப் படித்தால், நாடகத்தின் பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும் என்பது என் ஆசை. அந்த இடத்தில் இப்போதெல்லாம் பேச்சே நடப்பதில்லை. நாடகம் என்றால் 'வள்ளி திருமணம்' என்று எழுதி, வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுத்து எழுந்துவிடுகிறோம்.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இதில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். பபூன் திண்டுக்கல்லில் பஸ் ஏறியிருப்பார். ஒவ்வொருவருக்கும் தனிச் சம்பளம், தனி அட்வான்ஸ். பல நாள் மேடைக்குப் பின்னால் மேக்கப் போட உட்காரும்போதுதான் அன்றைய ஜோடியின் முகத்தையே பார்க்கிறார்கள். டைரக்டர் இல்லை, ஒத்திகை இல்லை. என்ன சுருதி, எந்தப் பாட்டில் உள்ளே வருகிறீர்கள் என்று ரெண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அப்புறம் விடிய விடிய நாடகம்.

முன்பின் பழகாத எட்டுப் பத்துப் பேர் ஒத்திகை இல்லாமல் ஒரு ராத்திரி முழுவதும் பாடி நடித்து ஒரு கதையை முடிக்க முடிகிறது என்றால், அவர்களுக்குப் பொதுவாக ஒன்று இருந்தாக வேண்டும். அந்தப் பொதுச்சொத்துதான் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகப் பிரதிகள். தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து, இருபத்து நாலு வயதில் நாடகத்துக்கு வந்த மனிதர். எமன், இரணியன், சனீஸ்வரன் வேடங்களில் பேர் வாங்கினார். பிறகு வேடம் கட்டுவதை விட்டு எழுத்திலும் வாத்தியார் வேலையிலும் இறங்கினார். 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாகப் போய்ச் சேர்ந்தது அங்கேதான். அந்தப் பிள்ளைகளுக்காக அபிமன்யு நாடகம் ஒன்றை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். நாடக நடிகர் சங்கங்களில் இன்றும் அவருக்கு ஆண்டுதோறும் குருபூஜை நடக்கிறது. அவர் பாட்டை வைத்துப் பிழைப்பவர்கள் அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிப் பாடுவதைப் பார்க்கும்போது, நூறு வருஷத்துக்கு முன்னால் போன ஒரு வாத்தியாருக்கு இன்னும் இத்தனை மாணவர்கள் இருக்கிறார்களே என்று எனக்கு மனம் நிறைந்துபோகும்.

சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பால சபைகளிலும் பாய்ஸ் கம்பெனிகளிலும் கடுமையான ஒத்திகை இருந்தது. பிரதி நெட்டுருவாக இருக்க வேண்டும், தவறினால் அடி விழும். அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் தனித்தனியாகப் பிரிந்து வந்து ஸ்பெஷலில் நடித்தபோது, யாரோடு யாரைச் சேர்த்தாலும் நாடகம் நின்றது. எல்லாருக்கும் ஒரே பாடம். இன்றைய நடிகருக்கு அந்த மாதிரிப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டுக் கற்றவர்கள், ஒரு மூத்த நடிகரிடம் நோட்டு வாங்கி எழுதிப் படித்தவர்கள், ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுபவரிடம் ராகம் பழகியவர்கள்தான் இப்போது மேடையில் இருக்கிறார்கள். படித்ததைத் தீட்டிக்கொள்ள அவர்களுக்கு இருக்கும் ஒரே இடம் நம் ஊர் மேடை. மேடையில் வராத நாடகத்துக்கு வேறு எங்கேயும் ஒத்திகை நடக்கப் போவதில்லை. தண்ணீர் விடாத வாய்க்கால் தூர்ந்து போவதுபோல், நாம் கேட்காத நாடகம் அவர்கள் நினைவிலிருந்து தூர்ந்துகொண்டே போகிறது.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு மூத்த ராஜபார்ட் நடிகர். பக்கத்து ஊர்த் திருவிழாவில் வேடம் கலைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பவளக்கொடி இப்ப யாருமே போடுறதில்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"கேட்டாத்தானே தம்பி போடறதுக்கு? பாட்டு நெஞ்சுல இருக்கு. வசனம் தேடணும். நான் தேடி எடுத்துருவேன். எதுக்க நிக்கிற பொண்ணு எங்க போயித் தேடும்? அது அந்த நாடகத்தப் பாத்ததே இல்லையே."

அவர் குறையாகச் சொல்லவில்லை. விவரமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பாக இருந்தது.

வள்ளி திருமணத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அது எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத நாடகம். தினைப்புனத்தில் ஆலோலம் பாடி வள்ளி பறவை விரட்டுவதும், நாரதர் வந்து தர்க்கம் தொடங்குவதும், முருகன் வேலனாக, வேடனாக, விருத்தக் கிழவனாக வேஷம் மாற்றி மாற்றி வருவதும், கடைசியில் கல்யாணத்தோடு பொழுது விடிவதும் கோயில் திருவிழாவுக்கென்றே செய்த மாதிரி அமைப்பு. தர்க்கம் என்பது பெரும்பாலும் எழுதி வைத்த வசனம் இல்லை. திருக்குறள், திருப்புகழ், சித்தர் பாட்டு, அன்றைய செய்தி எல்லாம் அதில் வந்து விழும். கெட்டிக்கார வள்ளி அமைந்தால் நாரதரை ஒரு மணி நேரம் திணற அடிப்பார். ஊர்ப் பெண்கள் கைதட்டும் இடம் அது.

இந்த நாடகத்துக்குப் பின்னால் பெரிய வரலாறும் இருக்கிறது. கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொழும்பு மேடையில் சேர்ந்து நடிக்கத் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்க வள்ளியும் வேலனுமாகக் கூட்டத்தைக் கட்டிப்போட்டார்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்கள். கிட்டப்பா 1933இல் 27 வயதில் போய்விட்டார். விஸ்வநாத தாஸ் முருகன் வேடத்தில் நின்று, பறவை விரட்டும் பாட்டிலேயே வெள்ளைக் கொக்கு என்று வெள்ளைக்காரனை விரட்டிப் பாடினார். பல தடவை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில் மேல் அமர்ந்த முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. இப்படிப்பட்ட நாடகத்தை யார் வேண்டாம் என்பார்கள்? தாராளமாகப் போடட்டும். அது ஒன்றை மட்டுமே போடுகிறோமே, எனக்கு உறுத்துவது அதுதான்.

மற்ற நாடகங்களில் என்ன இருக்கிறது என்று மறந்து போனதால்தான் கேட்காமல் இருக்கிறோம் என்று நினைக்கிறேன். பவளக்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனனுக்கும் அல்லிக்கும் பிறந்த மகன் புலந்திரன் விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். பிள்ளையின் ஆசைக்காகப் பவளம் தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடி என்ற பெண்ணின் மேல் ஆசைப்பட்டு அங்கேயே மயங்கி நிற்கிறான். கிருஷ்ணன் கூடவே இருந்து வேடிக்கை காட்டுகிறான். பாட்டும் கேலியுமாக ஓடும் நாடகம். எம்.கே. தியாகராஜ பாகவதர் மேடையில் இந்த அர்ச்சுனனாகப் பேர் வாங்கி, 1934இல் அதே கதை வழியாகத்தான் சினிமாவுக்கும் போனார். பபூனுக்கும் நல்ல வேலை இருக்கும், ராஜபார்ட்டுக்குக் குரல் காட்ட எவ்வளவோ இடம் இருக்கும். இளவட்டங்களுக்குப் பிடிக்காமல் போக வழியே இல்லை.

சத்தியவான் சாவித்திரியில் கடைசித் தர்க்கம் ஒரு பெண்ணுக்கும் எமனுக்கும் நடக்கிறது. வள்ளிக்கு எதிரே நிற்பவர் காதல் பேச வந்த கிழவர், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசுவார். சாவித்திரிக்கு எதிரே நிற்பவன் எதற்கும் இரங்காதவன். வாதத்தில் ஒரு இழை தவறினாலும் புருஷன் உயிர் திரும்பாது. நல்ல ஸ்திரீபார்ட்டுக்கு இதைவிடப் பெரிய களம் தமிழ் மேடையில் இல்லை என்பது என் கருத்து. தர்க்கத்தில் கெட்டிக்காரர்களான எத்தனையோ நடிகைகள் இன்று இருக்கிறார்கள். அவர்களுக்கு எமனோடு மோத ஒரு ராத்திரியாவது கொடுக்க வேண்டாமா?

அப்புறம் அரிச்சந்திரா. எனக்கு எல்லாவற்றையும்விட மேலான நாடகம் அதுதான். மயான காண்டத்தைச் சரியான ஆட்கள் பாடிக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசனாக இருந்தவன் சுடுகாட்டுக் காவல்காரன். பாம்பு கடித்துச் செத்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். இருட்டில் ஒருவரை ஒருவர் தெரியவில்லை. கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி, இந்த மூன்றும் கொடுக்காமல் பிணம் எரிக்க விடமாட்டேன் என்கிறான். இல்லாதவளிடம் கழுத்துத் தாலியை விற்றுக் கொடு என்கிறான். அவள் தாலி புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அந்த இடத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்குகிறது.

எங்கள் பக்கம் ஒரு ஊரில் இதைப் பார்த்தேன். சந்திரமதியாக வந்த அம்மா கால் பணத்துக்கு எங்கே போவேன் என்று பாடிக்கொண்டே மேடையின் விளிம்புக்கு வந்து மடியை ஏந்தினார். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சுருக்குப் பையை அவிழ்த்து, எழுந்து போய், அந்த மடியில் காசு போட்டார். சாதாரணமாக மேடையில் அன்பளிப்பு கொடுத்தால் பாட்டை நிறுத்தி, கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லி நன்றி சொல்வது வழக்கம். அந்த அம்மா சொல்லவில்லை. காசை முந்தானையில் முடிந்துகொண்டு, இன்னும் அரைக்கால் பணம் குறைகிறதே என்று அதே ராகத்தில் புதிதாக ஒரு அடி கட்டிப் பாடினார். ஆர்மோனியக்காரர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். அடுத்த பாட்டுக்குப் போக வைத்திருந்த விரலை எடுத்து, பழைய ஸ்வரத்திலேயே நின்று அவருக்கு இடம் கொடுத்தார். பெண்கள் பக்கம் வரிசையாக எழுந்து வந்தார்கள். எந்த நோட்டிலும் எழுதாத காட்சி அது. ஆனால் நோட்டில் இருந்ததெல்லாம் அந்த அம்மாவுக்குள் ஊறிக் கிடந்ததால்தான் அந்த நேரத்தில் அது வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது சந்திரமதியாக நின்றவருக்குத்தான் அப்படி வரும்.

ஆர்மோனியக்காரர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நான் எப்போதும் அவர் பக்கமாகத்தான் இடம் பிடிப்பேன். எந்த நடிகருக்கு எத்தனை கட்டை சுருதி, யார் எந்த அடியில் மூச்சு வாங்குவார், யார் எந்த இடத்தில் வசனத்தை மறப்பார் என்று அவருக்குத் தெரியும். தடுமாறினால் பின்பாட்டில் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்து ஏற்றிவிடுவார். தர்க்கம் இழுத்துக்கொண்டு போனால் ஒரு இசையால் முடிச்சுப் போடுவார். பாதி நாடகம் அவர் கையில் இருக்கிறது. மிருதங்கமும், டிரம்மும் மணியும் இடியோசையும் ஒரே ஆளாகக் கவனிக்கும் ஆல்ரவுண்டும் அப்படித்தான். நோட்டீஸில் அவர்கள் போட்டோவைப் பெரிதாகப் போடுங்கள் என்று எங்கள் கமிட்டியில் நான் கேட்டிருக்கிறேன். பழைய நாடகங்கள் யாரிடம் மிச்சம் இருக்கின்றன என்று தேடினால் முதலில் இவர்களிடம்தான் போக வேண்டும். நடிகர் ஒரு வேடத்தை அறிவார், ஆர்மோனியம் முழு நாடகத்தையும் அறியும்.

எல்லாப் பொறுப்பையும் கமிட்டிகள் தலையில் ஏற்றவும் முடியாது. காலம் சுருங்கிவிட்டது. ஒலி மாசு விதிகள் 2000இல் வந்ததிலிருந்து இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி என்றாலே சிக்கல். விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை சலுகை கொடுக்க மாநில அரசுக்கு வழி இருந்தாலும் அது வருஷத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது. விடிய விடிய நடக்கும் கலைக்கு இது எப்படிப் போதும்? தேர்தல் வந்தால் இன்னும் மோசம். 2019இல் ஏப்ரல் 18, 2021இல் ஏப்ரல் 6, 2024இல் ஏப்ரல் 19 என்று வாக்குப்பதிவு எல்லாமே பங்குனி, சித்திரையில்தான் வந்தது. அனுமதிக்கு அலைந்தே பாதி நாள் போகும். கொரோனா வந்ததும் அதே மாதங்களில். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு, 2021 ஏப்ரலில் திருவிழாக்களுக்கு மறுபடி தடை. ரெண்டு சீசன் அடுத்தடுத்துப் போனது. சித்தாள் வேலைக்கும் பூ விற்கவும் போன கலைஞர்களை எனக்குத் தெரியும். சிலர் மேடைக்குத் திரும்பவே இல்லை, அவர்களோடு அவர்கள் நாடகங்களும் வரவில்லை.

இருக்கிற நேரத்திலும் பபூன், டான்ஸ் பகுதியே நீண்டுகொண்டு போகிறது. அந்தப் பகுதியை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். நல்ல பபூன் ஊரையே உட்கார வைப்பவர், அவரும் தேர்ந்த பாடகர்தான். ஆனால் ராஜபார்ட் வரும்போது மணி ஒன்றரை ஆகிவிட்டால், மூன்று வேஷம் போட வேண்டிய முருகன் ஒரு வேஷத்தோடு கல்யாணத்துக்கு வந்துவிடுகிறார். டான்ஸ் ஆடும் பெண்ணிடம் மேடைக்குக் கீழே இருந்து அசிங்கமாகக் கத்துவதும், ரூபாய் நோட்டைக் காட்டிக் கூப்பிடுவதும் எங்கள் மாவட்டத்திலேயே நடக்கிறது. அந்தப் பெண் ராத்திரி முழுக்க ஆடிவிட்டு விடியற்காலை பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர், வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர். உடை மாற்றக் கதவுள்ள அறையும், பக்கத்திலேயே கழிப்பறையும், நேரத்துக்குச் சோறும் கொடுப்பது கமிட்டியின் கடமை. மேடைக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் ரெண்டு பேர் உட்கார்ந்தாலே பாதிக் கத்தல் அடங்கிவிடும்.

சரி, வேறு நாடகம் கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? நாள் குறித்து ஆள் எல்லாம் பேசி முடித்த பிறகு, நோட்டீஸ் அடிக்கிற அன்றைக்குப் போய்ப் பெயரை மாற்றச் சொன்னால் அமைப்பாளர் கையை விரிப்பார், அது நியாயமும்தான். முதல் பேச்சிலேயே நாடகத்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சாவித்திரி என்றால் எமனுக்குக் குரலும் உடம்பும் உள்ள ஆள் வேண்டும். அரிச்சந்திரா என்றால் லோகிதாசனுக்குப் பாடக்கூடிய பிள்ளை வேண்டும். பவளக்கொடிக்கு அல்லி, பவளக்கொடி என்று ரெண்டு ஸ்திரீபார்ட். செலவு கொஞ்சம் கூடும். ஒரு நாள் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் தொகையைக் கமிட்டிக் கணக்கில் பார்த்தால், கூடுகிற செலவு பெரிதாகத் தெரியாது. முக்கியமாக, பழைய ஆள் ஒருவரையாவது அந்த செட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டதே, கூட்டம் வருமா என்று அமைப்பாளர் தயங்குவார். வரும். அவர் பக்கத்தில் நின்று பாடும் இளைய நடிகைக்கு அந்த ஒரு ராத்திரியே பாடசாலை. முதல் வருஷம் அங்கங்கே தட்டும், பாட்டு விடுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே நாடகத்தை அதே ஆட்களைக் கொண்டு பக்கத்து ஊர் கேட்டால் அது சரியாகிவிடும்.

அதனால் பக்கத்து ஊர்களோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது. நாலைந்து ஊர் சேர்ந்து ஒரே சீசனில் சாவித்திரி கேட்டால், நடிகர்கள் நோட்டைத் தூசி தட்டி எடுப்பதற்கு அர்த்தம் இருக்கும். ஒரே ஒரு ராத்திரிக்காக யாரும் அவ்வளவு வசனத்தைத் திரும்பப் படிக்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் காப்புக் கட்டுவதற்கு முன்னால் கூட்டம் இருக்கிறது. சத்தியவான் சாவித்திரி கேட்பதாக இருக்கிறேன். அமைப்பாளரிடம் முன்கூட்டியே பேசியதில், எமன் வேடத்துக்கு மதுரைப் பக்கம் ஒருவர் இருக்கிறார், பங்குனிக் கடைசியில் ரெண்டு நாள் அவரிடம் காலி என்றார். பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இன்னொரு நாளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.